கூட யாரு?

பாடப் புத்தகத்தில் 'தனிமை' என்ற சொல் வரும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லை யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. கார்வேட்டிநகரத்திலிருந்து புத்தூர் வரைக்கும் எந்தத் தெருவில் காது கொடுத்தாலும் 'ஒண்டி'தான். ஒண்டியா வந்தான். ஒண்டியா கெடக்கறா. அது ஒண்டி ஆளு. கொஞ்சம் இரக்கம், கொஞ்சம் ஏளனம், நிறையச் சந்தேகம் எல்லாம் கலந்த சொல் அது. தெலுங்கு பேசுகிறவர்கள் 'ஒண்டரி' என்பார்கள். அவர்களும் அதைச் சொல்லும்போது முகத்தை அதே மாதிரிதான் வைத்துக்கொள்வார்கள்.

அந்தச் சொல்லைத் தன் வாசற்படி ஏற விடமாட்டேன் என்று நின்ற ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். திருப்பதியில் கோவிந்தராஜர் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் சின்னச் சத்திரம் ஒன்று இருந்தது. நகரி, புத்தூர், திருத்தணி பக்கத்து விவசாயக் குடும்பங்கள் கூடி எப்போதோ கட்டியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். பெருக்குவது, தண்ணீர் பிடித்து வைப்பது, அறை கொடுப்பது, சாவி வாங்குவது எல்லாம் அவள்தான். நாற்பது வயதிருக்கும். குள்ளம். இடுப்பில் சாவிக்கொத்து தொங்கும். நடந்தால் மாடு வருகிற மாதிரி சத்தம் முதலில் வரும், அவள் பிறகு வருவாள். எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்தவர்கள்கூட.

நான் அவளிடம் போய்ச் சேர்ந்தது எல்லை பிரிந்த சமயத்தில். ஆந்திரா தனியாகப் போன நாளிலிருந்தே எங்கள் ஊர்களில் அதுதான் பேச்சு. நம்ம ஊர் அங்கே போகுமா, இங்கே நிற்குமா என்று டீக்கடையில் அடிதடி வரைக்கும் போவார்கள். கடைசியில் திருத்தணி மதராஸ் பக்கம் போயிற்று. நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். எனக்குத் திருப்பதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலை கிடைத்தது. நைனாவுக்கு அறுப்பு நேரம். என்னைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, "சத்திரத்துல எடம் குடுப்பாங்க, நம்ம சனங்கோ கட்னதுதான்" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். அந்தச் சத்திரத்தில் தனியாக வருகிறவர்களுக்கு அறை கிடையாது என்பது அவருக்குத் தெரியாது.

திருப்பதியில் அன்றைக்கும் இன்றைக்கும் அப்படித்தான். குடும்பமாகப் போனால் அறை, தனி ஆளாகப் போனால் கையை விரித்துவிடுவார்கள். தனியாக வருகிறவன் எதற்கு வருகிறான், சாமி கும்பிடவா, கதவைச் சாத்திக்கொண்டு உயிரை விடவா என்று யாருக்குத் தெரியும்? எங்கள் சத்திரத்திலும் முன்னொரு காலத்தில் அப்படி ஏதோ நடந்து, தர்மகர்த்தாக்கள் கூடி உட்கார்ந்து, ஒண்டி ஆளுக்கு அறை கிடையாது என்று கட்டளை போட்டுவிட்டார்கள்.

நான் தகரப் பெட்டியோடு வாசலில் போய் நின்றேன். அவள் என் பேரைக் கேட்கவில்லை, ஊரைக் கேட்கவில்லை.

"கூட யாரு?"

"யாரும் இல்லக்கா. ஒண்டியாத்தான் வந்துக்கிறேன்."

அவள் பட்டென்று என் பக்கத்தில் வந்துவிட்டாள். இன்னும் கொஞ்சம் விட்டால் என் வாயைப் பொத்தியிருப்பாள்.

"அந்தப் பேச்சு இங்க ஆவாது கண்ணு. 'பின்னால வராங்கோ'ன்னு சொல்லு."

"யாரு வராங்க?"

"யாராச்சும் வருவாங்கோ. குந்து."

குந்தினேன். கொஞ்ச நேரத்தில் வெதுருகுப்பத்திலிருந்து ஒரு பெரியம்மாள் வந்தாள். மலைக்குப் போய் முடி கொடுத்துவிட்டு வந்த மொட்டைத் தலை, அதில் சந்தனம். அவளும் தனி. அக்கா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள், சந்தையில் மாட்டுக்கு ஜோடி பார்க்கிற மாதிரி.

"இவங்கோ ஒனக்கு அத்தை. அம்மா, இது ஒங்க அண்ணன் பொண்ணு. உள்ள போங்கோ, கடைசி ரூமு."

எனக்கு ஒரு நிமிஷத்தில் அத்தை கிடைத்துவிட்டாள். அந்த அத்தை நான் கொண்டுபோன புளிசாதத்தில் பாதியைத் தின்றுவிட்டு, உப்பு கம்மி என்று சொன்னாள். போகும்போது என் தலையில் கையை வைத்து அழுதாள். எதற்கு அழுதாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அந்தக் கையை மறக்கவில்லை.

இதுதான் அக்காவின் தொழில் என்று எனக்குப் பிறகு புரிந்தது. கட்டளையை அவள் மீறவே இல்லை. தனி ஆளுக்கு அறை கொடுக்கவே இல்லை. தனியாக வந்தவர்களை ஜதை சேர்த்துக் குடும்பமாக்கிவிட்டுக் கொடுத்தாள். கிழவருக்கும் இளைஞனுக்கும் சித்தப்பன் மகன் உறவு. இரண்டு பெண்கள் என்றால் நாத்தனார்கள். தெலுங்குக்காரர் வந்தால், "ஒக்கரே வச்சினாரா?" என்று கேட்பாள். ஒருத்தராகவா வந்தீர்கள் என்று அர்த்தம். அவர் ஆமாம் என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள், "காது காது, வெனக வஸ்துன்னாரு" என்று அவளே பதிலும் சொல்லிவிடுவாள். இல்லை இல்லை, பின்னால் வந்துகொண்டிருக்கிறார்கள்! அவரும் திரும்பித் தெருவைப் பார்ப்பார், உண்மையிலேயே யாரோ வருகிற மாதிரி.

எல்லா ஜதையும் பொருந்தியது என்று சொல்ல முடியாது. ஒரு தடவை நகரிப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் தனித்தனியாக வந்தார்கள். ஒரே மாதிரி மூக்கு. அக்காவுக்கு ஒரே சந்தோஷம். "பங்காளின்னு சொன்னா பிரம்மாவே நம்பிடுவாரு" என்று சொல்லி ஒரே அறையில் தள்ளினாள். அவர்கள் உண்மையிலேயே பங்காளிகள். ஒரு கிணற்றுக்காகச் சித்தூர் கோர்ட்டில் வழக்கு நடத்திக்கொண்டிருக்கிறவர்கள். கேஸ் எனக்கு ஜெயிக்கணும் சாமி என்று வேண்டிக்கொள்ள ஒருத்தனுக்குத் தெரியாமல் ஒருத்தன் வந்திருக்கிறான்! உள்ளே பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. அக்கா ஓடிப்போய் இரண்டு பேரையும் இரண்டு பக்கம் இழுத்து நிறுத்தி, ஒருவனைச் சாந்திபுரத்து வாத்தியார் ஒருவரோடு சேர்த்தாள். மற்றவனுக்கு அன்றைக்கு ஜதை கிடைக்கவில்லை. அவனைக் கூடத்தில் உட்காரவைத்து, மூத்த அண்ணி மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து சோறு போட்டாள். அவன் தின்றுகொண்டே கிணற்றுக் கதையைச் சொன்னான். அவள் கடைசிவரை கேட்டாள்.

எனக்கு வீடு கிடைக்கிறவரைக்கும் என்று சொல்லிச் சத்திரத்தின் பின்கட்டில் ஒரு அறையை எனக்கு ஒதுக்கினாள். கட்டளைப்படி அதுவும் தப்பு. கேட்டவர்களிடம் என்னைத் தன் தங்கை என்று சொல்லிவிட்டாள். வீடு எனக்குக் கிடைக்கவே இல்லை. கல்யாணமாகாத பெண், தனியாக இருக்கப்போகிறேன் என்றால் எந்த வீட்டுக்காரர் விடுவார்? நான் பள்ளிக்கூடத்துக்குப் போவேன், வருவேன். சாயங்காலம் அவளோடு உட்கார்ந்து அரிசி பொறுக்குவேன்.

ஒரு நாள் பிள்ளைகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தேன். தனிமை என்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு பெண், 'எங்கள் வீட்டு எருமை தனிமையில் மேய்ந்தது' என்று எழுதியிருந்தாள். நான் சிரித்ததைப் பார்த்து அக்கா கேட்டாள்.

"தனிமைன்னா இன்னா டீச்சரு?"

"நீ சொல்லக் கூடாதுன்னு சொல்றியே, அதுதான்."

"அது ஆளு ஒண்டியா கீறது. மனசுக்குள்ள ஒண்ணு ஆவுதே, சாயங்காலத்துல, விளக்கு வெக்கச் சொல்ல. அதுக்கு இன்னா பேரு?"

"அதுக்கும் தனிமைதான்."

"ரெண்டுத்துக்கும் ஒரே பேரா? படிச்சவங்கோ இன்னாதான் பண்ணிக்கினு இருந்தீங்கோ இத்தினி நாளு?"

நான் விழித்தபடி நோட்டை மூடி வைத்தேன். "ஒனக்கு அது எப்படி ஆவும்?" என்று கேட்டேன்.

"வெறிச்சுன்னு ஆயிடும்" என்றாள். "இருக்கற சாமான் எல்லாம் இருக்கும். ஆனா எதுவும் இல்லாத மாரி."

அதைச் சொல்லிவிட்டு உடனே எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். யாரோ வந்திருந்தார்கள். "கூட யாரு?" என்ற குரல் கேட்டது.

'கூட யாரு' என்று அவளிடம் யாரும் அதிகம் கேட்பதில்லை. கேட்கிறவர்களுக்கு ஒரு பதில் தயாராக இருந்தது. "எங்கூட்டுக்காரரு திருத்தணி போய்க்கிறாரு. மரவாடி வேலை. வந்துடுவாரு." சத்திரத்துக் கட்டளையில் இன்னொன்றும் உண்டு. பார்த்துக்கொள்கிறவர்கள் புருஷன் பெண்டாட்டியாக இருக்க வேண்டும். ஆரம்பத்தில் அவர்கள் இரண்டு பேரும்தான் வந்து சேர்ந்தார்கள். கொஞ்ச நாளில் அவர் மர லாரி ஒன்றில் ஏறித் திருத்தணி போனார். அங்கே ஒருத்தியோடு குடும்பம் வைத்துக்கொண்டார். இது சந்தில் பூ கட்டுகிறவள்வரை எல்லோருக்கும் தெரியும். அக்கா மட்டும் அவர் வரப்போகிறார் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் வேலை அதிகம் என்று காரணம் சொல்வாளாம். எல்லை பிரிந்த பிறகு அவளுக்கு நல்ல காரணம் ஒன்று கிடைத்துவிட்டது.

"திருத்தணி அந்தாண்ட பூடுச்சே. வேற ராஜ்ஜியம். சட்டுன்னு வர முடியுமா?"

பஸ் எப்போதும் போலத்தான் போய்க்கொண்டிருந்தது. நான் சொல்லவில்லை.

ஆனால் அதே எல்லைதான் அவள் தலையிலும் விழுந்தது. தர்மகர்த்தாக்களில் திருத்தணிக்காரர்கள் விலகிக்கொண்டார்கள். புத்தூர்க்காரர் ஒருவர் பெரிய தர்மகர்த்தா ஆனார். கெட்டவர் இல்லை. புதிதாகப் பொறுப்பு வந்தவர்களுக்கு எல்லாவற்றையும் ஒழுங்குபண்ண ஆசை வரும் இல்லையா, அந்த ஆசை. சத்திரத்தைச் சுற்றிப் பார்த்தார். சுவரில் காரை பெயர்ந்ததைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"ஒன் வூட்டுக்காரரு எங்கம்மா?"

"வந்துடுவாருங்க."

"நானும் கேட்டுக்கினுதான் கீறேன், வந்துடுவாரு வந்துடுவாருன்னு. ஆடி பொறந்ததும் நான் மறுபடி வருவேன். அவுரு இங்க இருக்கணும். இல்லாங்காட்டி வேற குடும்பத்த வெச்சுக்கறோம். ஒண்டிப் பொம்பளய நம்பி சத்திரத்த உட முடியாதும்மா, நாலு பேரு நாலு விதமா பேசுவாங்கோ."

அவர் போன பிறகு அக்கா கிணற்றடியில் தேய்த்த பாத்திரத்தையே தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்திரத்தை விட்டால் அவளுக்குப் போக இடமில்லை. பிறந்த வீட்டில் யாரும் மிச்சமில்லை. எனக்கு அந்தத் தர்மகர்த்தாமேல் கோபம் கோபமாக வந்தது. கோபப்பட்டு என்ன செய்ய?

ஞாயிற்றுக்கிழமை அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"திருத்தணிக்குப் போய் அவர இட்டுக்கினு வரணும். கூட வரியா டீச்சரு?"

போனேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நகரி தாண்டியதும் கழுத்தை நீட்டி நீட்டி வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். கண்டக்டரைக் கூப்பிட்டு, "எல்ல எங்கப்பா வருது?" என்று கேட்டாள்.

"அது அப்பவே தாண்டிட்டோமே."

"எப்ப?"

"அந்த வேப்ப மரம் தாண்டி வந்தமே, அங்க எங்கியோ."

"ஒண்ணுமே இல்லியே அங்க" என்றாள். ஏமாந்துபோன முகம். அவர் வராமல் இருப்பதற்கு ஒரு கோட்டையாவது இருக்கும் என்று நம்பியிருப்பாள்போலும்.

அவரைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை. மரவாடியில் ஒரு கட்டையின்மேல் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு முரடனை எதிர்பார்த்தேன். அவரோ ஒடிசலான, சாதுவான மனுஷன். சட்டையில் பித்தான் இல்லை. அந்த இன்னொரு பெண் அவரைத் துரத்திவிட்டு வெகு நாளாயிற்றாம். மரவாடியிலேயே படுத்து, மரவாடியிலேயே எழுந்துகொண்டிருந்தார். அக்காவைப் பார்த்ததும் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"நானும் ஒண்டியாத்தான் கீறேன்" என்றார். அவருக்கு அந்தச் சொல் அவ்வளவு சுலபமாக வந்தது.

"பேசாத வா" என்றாள் அவள்.

பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். பஸ்ஸில் எனக்கும் அவருக்கும் சேர்த்துக் கண்டக்டரிடம் இடம் கேட்டுச் சண்டை போட்டாள். அவள் சந்தோஷமாக இருக்கிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.

ஆடி பிறந்தது. தர்மகர்த்தா வந்தார். அக்காவின் வீட்டுக்காரர் வெள்ளை வேட்டி கட்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எழுந்து கும்பிட்டார். சுண்ணாம்பு அடிக்க எவ்வளவு ஆகும் என்று தெளிவாகப் பேசினார். தர்மகர்த்தாவுக்குப் பரம திருப்தி. மோர் குடித்துவிட்டு, "இப்பத்தாம்மா வூடு மாரி கீது" என்று சொல்லிவிட்டுப் போனார். வேலை நிலைத்துவிட்டது. நான் அன்றைக்குப் பாயசம் வைத்தேன்.

அதற்குப் பிறகுதான் தொல்லை. அவருக்கு நாற்காலி பிடித்துப்போயிற்று. எத்தனையோ நாள் மரவாடியில் கிடந்தவருக்கு ஒரு கூரை, சுடுசோறு, வருகிறவர்களின் கும்பிடு. அதை இழந்துவிடுவோமோ என்று பயம். பயந்தவர்களைப் போல விதியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்கள் யாரும் இல்லை. அக்கா உள்ளே வேலையாக இருக்கும்போது வருகிறவர்களை அவரே விசாரிக்க ஆரம்பித்தார். அவரும் அதே கேள்விதான் கேட்டார். "கூட யாரு?" இல்லை என்றால், "ஒண்டி ஆளுக்கு ரூமு இல்ல. போ, போ." கையை ஆட்டுகிற விதத்தைப் பார்த்தால் கோழி விரட்டுகிற மாதிரி இருக்கும்.

அக்கா தடுக்கவில்லை. ஆனால் அவளுடைய சாவிச் சத்தம் குறைந்துவிட்டது. சாயங்காலம் அரிசி பொறுக்க உட்கார்ந்தால் முறத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் கேட்டேன்.

"இன்னாக்கா, அதான் அவுரு வந்துட்டாரே."

"அதான் டீச்சரு" என்றாள். "அவுரு இல்லாதப்ப வராரு வராருன்னு சொல்லிக்கினு இருந்தேன். நல்லாத்தான் இருந்தது. இப்ப வந்து எதிர்ல குந்திக்கினு கீறாரு. இனிமே யாரு வருவாங்கோன்னு நான் சொல்லுவேன்?"

தனிமை என்ற சொல்லுக்கு அர்த்தம் சொல்லத் தெரியாமல் விழித்தேனே, இதைத்தான் அன்றைக்கு அவள் என்னிடம் கேட்டிருக்கிறாள்.

அந்த வாரமே ஒரு மத்தியானம், கையில் குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். குழந்தைக்கு மொட்டை போட வந்தவள். புருஷன் இல்லையா, வரவில்லையா, தெரியாது. வெயிலில் முகம் கருத்துப்போய் நின்றாள். அவர் வழக்கம்போலக் கையை ஆட்டினார். அவள் திரும்பிச் சந்து முனை வரைக்கும் போய்விட்டாள். அக்கா கொல்லையிலிருந்து அதைப் பார்த்தாள். ஈரக் கையோடு ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான். அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்து, குழந்தையைத் தன் இடுப்பில் வாங்கிக்கொண்டு, அவர் முன்னால் நின்றாள்.

"இது என் தங்கச்சி" என்றாள்.

"ஏண்டி, தர்மகர்த்தா கேட்டா யாரு பதிலு சொல்றது? ரெண்டு பேரு பொழப்பும் பூடும்."

"நான் சொல்லிக்கறேன். நீ கெளம்பு."

"எங்க?"

"இந்த ஊர்ல எவ்ளோ பேர ஜத சேத்து உட்டேன். மொகம் தெரியாதவங்கோ எல்லாம் சேந்துச்சு. எனக்கும் ஒனக்கும் சேரலப்பா. கெளம்பு."

அவர் ஒரு நாழி நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். சண்டை வரும் என்று நான் பயந்தேன். வரவில்லை. எழுந்துபோய்ப் பையை எடுத்துக்கொண்டார். அவள் சட்டியில் இருந்த சோற்றைக் கட்டிக் கொடுத்தாள். அவர் சட்டைக்குப் பித்தான் தைத்து வைத்திருந்தாள், அதையும் கொடுத்தாள். அவரைப் பார்க்கவும் எனக்குப் பாவமாக இருந்தது. யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் உள்ளே போய்க் குழந்தைக்குப் பால் காய்ச்சினேன்.

மறுநாள் நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன். அவள் புத்தூர் பஸ் ஏறியிருக்கிறாள், யாரையும் கூட்டிக்கொள்ளாமல். சாயங்காலம் வந்து, செருப்பை உதறிவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தாள்.

"சொல்லிட்டேன்."

"யார்கிட்ட? இன்னா சொன்ன?"

"தர்மகர்த்தாகிட்டதான். அவுரு வரமாட்டாருங்க, நானு ஒண்டியாத்தான் கீறேன்னு சொன்னேன். பத்து வருசமா ஒண்டியாத்தான் கீறேன்னு சொன்னேன்."

"அவுரு இன்னா சொன்னாரு?"

"நல்ல பொம்பளதாம்மா நீ, ஆனா கட்டளைன்னு ஒண்ணு கீதேன்னாரு. வேற குடும்பம் வருதாம். அதுவரைக்கும் பாத்துக்க சொன்னாரு. காப்பி குடுத்தாங்கோ. குடிச்சுட்டு வந்துட்டேன்."

இவ்வளவு நாள் காத்துவைத்த வேலையை ஒரு சொல்லில் கொட்டிவிட்டு வந்து நிற்கிறாள். எனக்குத் திட்ட வேண்டும்போல இருந்தது. திட்டவும் செய்தேன். ஒனக்குப் பைத்தியமா, போக எடம் இருக்கா, வாயை மூடிக்கினு இருந்தா இன்னா என்றெல்லாம் கேட்டேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "பசிக்குது டீச்சரு, இன்னா கீது?" என்றாள். அன்றைக்கு அவள் தின்ற மாதிரி ஒரு நாளும் தின்றதில்லை.

புதுக் குடும்பம் வந்தது. புருஷன், பெண்டாட்டி, மாமியார், நண்டும் சிண்டுமாகப் பிள்ளைகள். கட்டளைக்கு மேலேயே ஆள் இருந்தது. அக்கா சாவிக்கொத்தை அவிழ்த்துக் கொடுத்தாள். எந்தக் கதவு மழையில் இறுகும், எந்த வாளியில் ஓட்டை என்று சொன்னாள். பிறகு வாசலுக்கு வந்து அந்தப் பெண்ணிடம் மெதுவாக ஏதோ பேசினாள். அந்தப் பெண் தலையாட்டினாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது.

நானும் அன்றைக்கே காலி செய்ய வேண்டும். இரண்டு பேரும் தகரப் பெட்டிகளைப் பூக்காரியிடம் வைத்துவிட்டு வீடு தேடிப் போனோம். வழியிலேயே நான் கணக்குப் போட்டுவிட்டேன். ஒருத்தியாகக் கேட்டால்தானே வீடு இல்லை, இரண்டு பேர் என்றால் கிடைக்குமே. நான் அவளுடைய அண்ணன் மகள், அவள் என் அத்தை. இதை அவளிடம் சொல்லவில்லை. இந்த வித்தையை அவளுக்கே சொல்லித்தர வேண்டுமா?

முதல் வீட்டுக்காரர் முன்னறையைக் காட்டினார். ஜன்னல் பெரியது. எனக்குப் பிடித்திருந்தது. வாடகையும் ஒத்து வந்தது. முன்பணம் கொடுக்கும் முன் சாதாரணமாகக் கேட்டார்.

"ரெண்டு பேரும் என்ன உறவு?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா பேசிவிட்டாள்.

"உறவெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. இந்தப் பொண்ணு ஒண்டி. நானும் ஒண்டி."

அவர் முகம் மாறிற்று. வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தெருவில் இறங்கியதும் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஊருக்கெல்லாம் அத்தை, சித்தப்பான்னு அளந்து உட்டியே. நமக்குன்னு வரச் சொல்ல ஒரு பொய் சொன்னா இன்னா?"

"அவங்கோ எல்லாம் ஒரு நாள் இருந்துட்டுப் போறவங்கோ டீச்சரு. நாம இருக்கப் போறவங்கோ" என்றாள்.

அடுத்த தெருவில் ஒரு தெலுங்கு அம்மாளின் வீடு. வயதானவர். பின்கட்டு சின்னது. சமையலுக்கு ஒரு மூலைதான். அவரும் அதையே கேட்டார். அக்கா நிமிர்ந்து நின்று அதையே சொன்னாள், இந்தத் தடவை தெலுங்கில். "ஆமெ ஒண்டரி. நேனூ ஒண்டரினே." நான் திரும்பி நடக்கத் தயாராகிவிட்டேன்.

அந்த அம்மாள் எங்கள் இருவரையும் தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தார். அக்கா கண்ணைத் தாழ்த்தவில்லை. பிறகு அவர் மடியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டே, குழாயில் தண்ணீர் காலையில் மட்டும்தான் வரும், யார் முதலில் எழுந்திருப்பீர்கள் என்று கேட்டார்.